ஐந்தாம் மாதம், பத்தாத பிளவுஸ், மூவாயிரம் ரூபாய்

கேள்வி: அக்கா, நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். இப்போது ஐந்தாம் மாதம், முதல் குழந்தை. பள்ளியில் சேலைதான் கட்டியாக வேண்டும். இருக்கிற பிளவுஸ் ஒன்றுகூடப் பத்தவில்லை, பாவாடை நாடா கட்டுகிற இடம் சிவந்து அரிக்கிறது. மெட்டர்னிட்டி டிரஸ் என்று போனில் பார்த்தால் நல்லதாகத் தெரிவதெல்லாம் ஆயிரத்துக்கு மேல். "நாலு மாசத்துக்கு எதுக்குக் கண்ணு தண்டச் செலவு, ரெண்டு நைட்டி எடுத்துக்கிட்டாப் போவுது" என்கிறார் மாமியார். வெளியே போக என்று இரண்டு சைஸ் பெரிதாகச் சுடிதார் எடுத்தேன், கூடாரத்துக்குள் நிற்பது போல இருக்கிறது. வளைகாப்பு வேறு வருகிறது. கையில் மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். அதற்குள் வசதியாகவும், பார்க்க நன்றாகவும் என்ன செய்யலாம்? கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

பதில்:

அம்மணி, முதலில் அந்தக் கூடாரச் சுடிதாரை எடுத்து ஓரமாக வையுங்கள். உங்கள் கண்ணாடி மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை, அந்த டாப் மேல்தான் தப்பு. கர்ப்பத்தில் பெரிதாவது வயிறும் மார்பும்தான், தோள் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு சைஸ் கூட்டி எடுத்தால் வயிற்றுக்கு இடம் கிடைக்கும், சரி, ஆனால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், கழுத்து அகலும், அக்குள் தொங்கும். பார்க்கிறவர் கண் முதலில் தோளில்தான் விழும். தோள் சரியாக உட்கார்ந்திருந்தால் கீழே வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உடுப்பு உங்களுடையது போலத் தெரியும், தோள் தொங்கினால் யாரோ கொடுத்த துணியைப் போட்டுக்கொண்டது போலத்தான் இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தையல் வகுப்பு அல்ல, என் வயிறு.

1998-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்தேன். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று, கர்ப்பிணிகள் போடுகிற டாப். பொதுவாக அப்படி ஆர்டர் வந்தால் ஒல்லியான பெண் ஒருத்தியின் வயிற்றில் பஞ்சு மூட்டையைக் கட்டித்தான் அளவு பார்ப்பார்கள். அன்றைக்கு மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்கு ஏழாம் மாதம். "நீயே போட்டுட்டு வா அம்மணி, எதுக்குப் பஞ்சு" என்றார். போட்டேன். தோளும் கையும் என் பழைய சட்டை மாதிரியே கச்சிதமாக உட்கார்ந்தன, வயிற்றுப் பக்கம் மட்டும் துணி தாராளம். ஆறு மாதமாக வீட்டுக்காரர் சட்டையையும் நைட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாடா பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன் என்பது வேறு கதை. நாம் தைத்ததை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றவேயில்லை.

அந்த டாப்பில் என்ன சூட்சுமம் என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எதை வாங்கினாலும் தைத்தாலும் இதைத்தான் பார்க்க வேண்டும். வயிறு முன்னால் தள்ளும்போது துணியை மேலே தூக்கும். சாதாரண டாப்பைப் போட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பின்பக்கம் முட்டி வரை இருக்கும், முன்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் ஏறிப்போயிருக்கும். அதனால் கர்ப்பிணி டாப்பில் முன்துண்டைப் பின்துண்டைவிட நீளமாக வெட்டி, அந்தக் கூடுதல் நீளத்தை இரண்டு பக்கத் தையலிலும் வயிறு வருகிற இடத்தில் சுருக்கம் வைத்து அடக்கிவிடுவார்கள். சுருக்கம் வயிறு வளர வளர விரிந்து கொடுக்கும், கீழ்விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக நிற்கும். இந்த வெட்டைப் பார்க்காமல் "மெட்டர்னிட்டி" என்று லேபிள் ஒட்டியதற்காக மட்டும் ஆயிரம் கொடுக்காதீர்கள். நிறைய டாப்களில் வெறும் சைஸைக் கூட்டிவிட்டு இரண்டு ஜிப் வைத்து அதே பெயரில் விற்கிறார்கள்.

சரி, உங்களுக்கு முதல் பிரச்சினை பள்ளிக்கூடம். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

பிளவுஸ்களை எல்லாம் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நம் ஊர் டெய்லர்கள் பக்கத்தில் துணி விட்டு, இரண்டு மூன்று வரிசை தையல் போட்டு வைப்பது வழக்கம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கால் அங்குலம் இடைவெளி என்றால், ஒரு வரிசை பிரித்தாலே முன், பின், இரண்டு பக்கம் என்று நாலு கால் சேர்ந்து ஒரு அங்குலம் கிடைத்துவிடும். இரண்டு வரிசை பிரித்தால் இரண்டு அங்குலம். இதற்கு டெய்லர்கூட வேண்டாம், ஒரு பிளேடும் அரை மணி நேரமும் போதும். ஆனால் கையையும் சேர்த்துப் பிரியுங்கள், மார்பை மட்டும் தளர்த்தினால் அக்குளில் பிடித்துக்கொண்டு போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போது கிழியும். உள்ளே துணியே விடாமல் ஒட்ட வெட்டிய பிளவுஸ் என்றால், கையின் ஓரத்திலிருந்து அக்குள் வழியாகக் கீழே வரை இரண்டு அங்குல அகலத்தில் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைக்கலாம். கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடும். நிறம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் யாருக்கும் தெரியாது. கடைசிக் கொக்கி மட்டும் தெறிக்கிறது என்றால் அதற்கு பிளவுஸையே பிரிக்க வேண்டாம். விலா எலும்பு விரிவதால் வருவது அது, எதிர்ப்பக்கத்தில் நூல் வளையத்துக்குப் பதில் ஒரு சின்ன எலாஸ்டிக் வளையம் வைத்தால் போதும்.

எல்லாப் பிளவுஸையும் இப்படிப் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்றைப் பிரியுங்கள், மூன்று ஸ்ட்ரெச் பிளவுஸ் புதிதாக வாங்குங்கள். பனியன் துணியில் லைக்ரா, அதாவது இழுத்தால் நீளுகிற இழை, கலந்து ரெடிமேடாக வருகிறதே, அதுதான். கறுப்பு, அரக்கு, பழுப்புத் தங்கம், இந்த மூன்று நிறத்தில் உங்கள் அலமாரிச் சேலை முக்கால்வாசிக்குப் பொருந்திவிடும். மார்பு இப்போது ஒரு அளவு, எட்டாம் மாதம் ஒரு அளவு, பால் கட்டின பிறகு ஒரு அளவு. அத்தனைக்கும் சேர்ந்து வளைந்து கொடுப்பது இந்தத் துணிதான். வாங்கும்போது கடையிலேயே இரண்டு கையாலும் குறுக்கே இழுத்துவிட்டுப் பாருங்கள். விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பினால் எடுங்கள், அலை அலையாக நின்றால் வேண்டாம். அது ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

இப்போது நாடா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் யாரும் இதை ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை. சேலை கீழே இறங்கக் கூடாது என்று நாடாவைச் சுண்டி இறுக்குகிறோம், மொத்தச் சேலையின் எடையும் அரை அங்குலக் கயிற்றில் தொங்குகிறது, வேர்வை சேர்கிறது, தோல் சிவந்து கறுத்துத் தடித்துவிடுகிறது. உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் இடுப்பிலும் அந்தக் கறுப்புக் கோடு இருக்கும். கர்ப்பத்தில் தோல் இழுபடுகிறது, வேர்வையும் அதிகம், அதனால் அரிப்பு இன்னும் சீக்கிரம் வரும். நாடாவை உருவி எறியுங்கள். பாவாடையின் மேல்பட்டியை வெட்டிவிட்டு, இரண்டு அங்குல அகலத்தில் பருத்திப் பட்டி வைத்து, முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் மட்டும் பட்டை எலாஸ்டிக் கோத்தும் தைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு கொக்கியும், அதற்கு ஒரு அங்குல இடைவெளியில் மூன்று வளையமும் இருந்தால் ஒன்பதாம் மாதம் வரை அதே பாவாடை ஓடும். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தால் சொருகின கொசுவம் நழுவும், அதனால்தான் முன்பக்கம் தட்டைப் பட்டி. இரண்டு பாவாடையை இப்படி மாற்றிக்கொண்டால் போதும், ஒன்றைத் துவைத்து ஒன்றைக் கட்டலாம். கடையில் இப்போது உடம்போடு ஒட்டுகிற சேலை ஷேப்வேர் விற்கிறார்கள், ஒல்லியாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயிற்றை அமுக்குகிற எதுவும் இந்த மாதங்களுக்கு வேண்டாம்.

இதோடு ஒரு விஷயம். நாடா அரிப்பு நாடா இருக்கிற இடத்தில் கோடாகத்தான் இருக்கும். தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால், அதுவும் ராத்திரியில் அதிகமாக அரித்தால், அது துணி விவகாரம் இல்லை. கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாவாடையை எங்கே கட்டுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். வயிற்றுக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டும், நடுவில் நிற்கவே நிற்காது. வயிற்றுக்குக் கீழே, முன்பக்கம் இறங்கியும் பின்பக்கம் ஏறியும் இருக்கிற மாதிரிதான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினாலும் மாதம் ஏற ஏற முன்கொசுவம் தரையிலிருந்து தூக்கும், அதனால் முன்னால் சொருகும்போது ஒரு அங்குலம் கூடுதலாக இறக்கிவிடுங்கள். ஆனால் தரை கூட்டுகிற மாதிரி வேண்டாம், கணுக்கால் தெரிய வேண்டும். டவுன் பஸ் படியேறுகிறவர் நீங்கள், வயிறு மறைப்பதால் காலடி தெரியாத மாதங்கள் வரப்போகின்றன. கொசுவத்தைக் குறைத்து நாலைந்து மடிப்பாக வையுங்கள், ஏழெட்டு வைத்தால் வயிற்றுக்குக் கீழே இன்னொரு வயிறு வந்துவிடும். வயிற்றருகில் பின் குத்தவே குத்தாதீர்கள். முந்தானையை மடித்துத் தோளில் குத்தி நீளமாகத் தொங்கவிட்டால் கண் மேலிருந்து கீழே ஓடும், நெடுக்கென்று தெரிவீர்கள்.

எந்தச் சேலை? வெயில் காலத்தில் சின்தடிக் கட்டி ஆறு பீரியட் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டனும் சரிவராது. விறைப்பான துணி வயிற்றைத் தொட்ட இடத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இருக்கிற வயிற்றை இரண்டாக்கிக் காட்டும். கோவை கோரா காட்டன் எனக்கு உயிர், ஆனால் எட்டாம் மாதத்துக்கு அது வேண்டாம். நாலைந்து தடவை துவைத்து இறங்கிப்போன நெகமம் காட்டன் இருந்தால் அதைக் கட்டுங்கள், உடம்போடு படிந்து விழும், காற்றும் வரும். அம்மாவின் பழைய காட்டன் சேலைகள் இதற்கென்றே செய்தது போல இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசும் இல்லை. பெரிய பார்டரும் குறுக்குக் கட்டங்களும் இப்போதைக்கு உள்ளே இருக்கட்டும். ஒரே நிறம், அல்லது சின்னப் பூ, சின்னப் புட்டா போதும்.

வயிற்றை மறைக்க வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மறைக்கப் போகும்போதுதான் துணி கூடிக்கொண்டே போய்க் கூடாரம் வருகிறது. நெஞ்சுக்குக் கீழே ஒரு இடத்தில் உடுப்பு உங்களைப் பிடித்திருக்க வேண்டும், அங்கேதான் உடம்பு இன்னும் ஒடுங்கியிருக்கிறது. அங்கே பிடித்துவிட்டால் வயிறு வயிறாகத் தெரியும், குண்டாகத் தெரியாது. பள்ளிக்கு வெளியே போடுகிற எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. அனார்கலி மாதிரி நெஞ்சுக்குக் கீழே வெட்டு வருகிற குர்த்தி உங்கள் வழக்கமான சைஸிலேயோ, மிஞ்சினால் ஒரு சைஸ் கூட்டியோ எடுத்தால் போதும், மெட்டர்னிட்டி லேபிள் வேண்டியதில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அந்த வெட்டுத் தையல் மார்புக்குக் கீழே உட்காருகிறதா, மார்பின் நடுவே ஏறுகிறதா என்று போட்டுப் பாருங்கள். இப்போதே ஏறினால் எட்டாம் மாதம் கழுத்துக்கு வந்துவிடும்.

வீட்டில் இருக்கிற நேர்வெட்டுக் குர்த்திகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் தொல்லை சைடு ஓப்பன்தான். வயிறு முன்னால் வந்ததும் ஓப்பன் விரிந்து முன்துண்டு திரைச்சீலை மாதிரி ஆடும். அந்த ஓப்பனில் அடிப்பக்கம் ஆறேழு அங்குல அகலம் வருகிற மாதிரி முக்கோணத் துண்டு வைத்து மூடச் சொல்லுங்கள். பழைய துப்பட்டாவிலிருந்து வெட்டினால் டிசைன் மாதிரியே இருக்கும், ஏ-லைன் குர்த்தி ஒன்று கிடைத்துவிடும். நான் இதற்கு என் கடையில் வாங்குவது ஒரு பிளவுஸ் ஆல்டர் கூலிதான். கீழே போட லெகின்ஸ் என்றால், இடுப்பு எலாஸ்டிக்கை அறுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் பத்து அங்குல உயரத்துக்கு ரிப் துணியை, பனியன் கழுத்துப் பட்டியில் வருகிற அந்த வரிவரியான இழுவைத் துணியை, குழாய் போலத் தைத்து ஒட்டுங்கள். வயிற்றுக்கு மேல் ஏற்றியும் விட்டுக்கொள்ளலாம், கீழே மடித்தும் விட்டுக்கொள்ளலாம். பலாஸோவுக்கும் இதே வைத்தியம்.

பனியன் துணி வேலையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: ஓரத்தைப் பின்னி, துணியோடு சேர்ந்து நீளுகிற தையல் போடுகிற ஓவர்லாக் மிஷின் இருக்கிறதா என்று. சாதாரணத் தையலில் தைத்தால் துணி இழுபடும், நூல் இழுபடாது, முதல் தடவை உட்காரும்போதே படபடவென்று அறுந்துவிடும். ஊசியும் முனை மழுங்கின பால் பாயிண்ட் ஊசியாக இருக்க வேண்டும், கூர் ஊசி இழையைக் குத்தி அறுத்துத் துணியில் பொடிப்பொடியாக ஓட்டை போடும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஓவர்லாக் வைத்துப் பீஸ் தைக்கிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்தால் கடையைவிட நன்றாகவே செய்வார்கள். எனக்குத் தெரிந்து அவர்களில் பலர் கர்ப்பிணி டாப்பை நூற்றுக்கணக்கில் தைத்தவர்கள். யாரும் அவர்களிடம் ஒன்று எனக்குத் தைத்துக் கொடு என்று கேட்டதில்லை, அவ்வளவுதான்.

துணி எங்கே என்று கேட்டால், பனியன் துணிக்கு நாம் உலகத்தைச் சுற்ற வேண்டியதில்லை. திருப்பூரில் அது மீட்டரில் இல்லை, கிலோவில்தான் போகும். 180 ஜிஎஸ்எம் கனத்தில், அதாவது ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடை வருகிற மாதிரி, லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்ஸி கேளுங்கள், டி-ஷர்ட்டுக்குப் போடுகிற சாதாரணப் பின்னல் துணிதான் அது. 140-க்குக் கீழே போனால் தொப்புள் வரை தெரியும், 220-க்கு மேலே போனால் நம் வெயிலுக்கு ஆகாது. 180 கனத்தில் 60 அங்குல அகலம் என்றால் ஒரு கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வரும், முட்டி வரை நீளமான டாப் இரண்டு தாராளமாக வெட்டலாம், கொஞ்சம் கெட்டியாகக் கணக்குப் போட்டால் மூன்றுகூட. வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்து நிழலில் காயவைத்துவிடுங்கள், பருத்தி சுருங்கும், அந்தச் சுருக்கம் தைத்த பிறகு வந்தால் உங்கள் தலையில்தான். அடர் நீலம், கரும்பச்சை, அரக்கு மாதிரி நிறம் எடுங்கள், கழுத்தை வி வடிவில் வையுங்கள், முகம் கொஞ்சம் உப்பியிருந்தாலும் நீளமாகக் காட்டும்.

தைக்கிற பொறுமை இல்லையென்றால் திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் காதர்பேட்டை இருக்கவே இருக்கிறது. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சின சரக்கு வந்து விழுகிற இடம். பக்கத்தில் சுருக்கம் வைத்த அந்த டாப்கள் சில சமயம் குவியலில் கிடக்கும், இது என்ன என்று விற்கிறவருக்கே தெரியாது, "தையல் கோணலாயிடுச்சுங்க்கா, கம்மியாப் போட்டுக்கலாம்" என்று ஒருவர் என்னிடமே விற்றிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை, நாலு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே போனால் லேபிள் சைஸை நம்பாதீர்கள், வெளிநாட்டு மீடியம் நமக்கு எக்ஸ்எல். உங்களுக்குப் பொருந்துகிற ஒரு டாப்பைக் கையோடு கொண்டுபோய்த் தோள் மேல் தோளாக வைத்துப் பாருங்கள். தூக்கிப் பிடித்துப் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள், முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் அது துவைக்கத் துவைக்க இன்னும் திரும்பும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பாருங்கள். நீங்களே போய் வெயிலில் நிற்க வேண்டியதில்லை, வீட்டுக்காரரை அனுப்புங்கள், ஆனால் அளவு டாப்பைக் கொடுத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் மறுபடி கூடாரம்தான் வரும்.

நைட்டியைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. வீட்டுக்கு அதை மிஞ்சினது எதுவும் இல்லை. எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், இரண்டு பக்கமும் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டியாகவே எடுத்துவிடுங்கள், குழந்தை பிறந்த பிறகு வேறு வாங்க வேண்டாம். முழுப் பருத்தியா என்று பாருங்கள், ஜிப் உள்பக்கம் துணி மடிப்பு வைத்து மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், குழந்தையின் கன்னத்தில் உரசப்போவது அதுதான். ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிற ஜவுளிச் சந்தையில் நைட்டி மலையாகக் குவிந்து கிடக்கும், அந்தப் பக்கம் யாராவது போனால் சொல்லிவிடுங்கள். நடுராத்திரிக் கூட்டத்துக்குள் நீங்கள் போகாதீர்கள்.

உள்ளாடைக்கு வருகிறேன். யாரும் கேட்காத கேள்வி, நீங்களும் கேட்கவில்லை, ஆனால் மூவாயிரத்தில் முதல் செலவு இங்கேதான் ஆக வேண்டும். பிரா சரியில்லை என்றால் மேலே என்ன போட்டாலும் எடுப்பாக இருக்காது, முதுகும் வலிக்கும். கம்பி வைத்தது இப்போது வேண்டாம். மார்புக்குக் கீழ்ச்சுற்றை டேப் வைத்து இன்றைக்கே அளந்து, ரொம்பத் தளர்வான கொக்கியில் மாட்டினால் சரியாக இருக்கிற பிரா எடுக்காதீர்கள், ரொம்ப இறுக்கமான கொக்கியில் சரியாக இருப்பதை எடுங்கள், அப்போதுதான் மாதம் ஏற ஏற அடுத்தடுத்த கொக்கிக்குத் தளர்த்த இடம் இருக்கும். கப் சரியாக இருக்கிறது, சுற்று மட்டும்தான் பிடிக்கிறது என்றால் புதிதே வேண்டாம், ஃபேன்ஸி ஸ்டோர்களில் கொக்கி வைத்த சின்ன நீட்டுத் துண்டு விற்கிறது, பின்னால் மாட்டிக்கொள்ளலாம். ஃபீடிங் பிராவை இப்போதே ஆறு வாங்கி அடுக்காதீர்கள், எட்டாம் மாதக் கடைசியில் மறுபடி அளந்து, கப்பில் கொஞ்சம் இடம் விட்டு இரண்டு எடுங்கள், மிச்சத்தைப் பால் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஜட்டி முழுப் பருத்தியில், வயிற்றுக்குக் கீழே இறங்கி நிற்கிற மாதிரி எடுங்கள். இந்த மாதங்களில் ஈரம் அதிகம் இருக்கும், ஒரு நாளைக்கு இரண்டு மாற்ற வேண்டி வரலாம், அதனால் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கடைக்குக் கடை முன்பின் ஆகும், நான் சொல்வது சுமாரான கணக்கு. பிரா, ஜட்டிக்கு எண்ணூறு. ஸ்ட்ரெச் பிளவுஸ் மூன்றுக்கு எழுநூற்றைம்பது. பாவாடை இரண்டு, குர்த்தி இரண்டு, லெகின்ஸ் ஒன்று, இவற்றைத் திருத்தக் கூலி நானூறு. பனியன் துணி ஒரு கிலோவும் இரண்டு டாப் தைக்கிற கூலியும் ஐந்நூற்றைம்பது வரை. மிச்சம் ஐந்நூறில் ஃபீடிங் நைட்டி இரண்டு, சந்தை விலைக்குக் கிடைத்தால். பிளவுஸ் பிரிப்பது உங்கள் கைவேலை, அதற்குக் காசில்லை. ஆக மூவாயிரம். வளைகாப்புச் செலவு இதில் வராது, அது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிற அம்மா வீட்டுக் கணக்கு.

வளைகாப்பு பிளவுஸில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரி வேலை செய்த முழங்கை வரைக்கும் கை. அழகுதான், ஆனால் அன்றைக்கு ஆளாளுக்கு வந்து கண்ணாடி வளையல் போடுவார்கள், வளையல் முழங்கை வரை ஏறி அந்த ஜரிகையிலும் கல்லிலும் சிக்கும், கல் தெறிக்கும், கை கீறும். கை நீளம் முழங்கைக்கு மூன்று விரல்கடை மேலேயே நிற்கட்டும், வேலைப்பாடு முதுகிலும் கழுத்திலும் இருக்கட்டும். பிளவுஸை இரண்டு மாதம் முன்னாலேயே தைத்து வைக்காதீர்கள், விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அளவு கொடுங்கள், அப்போதும் உள்ளே ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள். கொக்கி முன்பக்கமே இருக்கட்டும், பின்கொக்கி வைத்தால் அப்புறம் பால் கொடுக்கிற காலத்தில் அது அலமாரியில்தான் தூங்கும். பட்டு எடுப்பதானால் கெட்டி ஜரிகைக் கல்யாணப் பட்டு வேண்டாம், சிறுமுகைப் பக்கம் நெய்கிற சாஃப்ட் சில்க் மாதிரி எடை குறைந்ததாக எடுங்கள், மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். வளையலும் வழக்கமாக 2.6 போடுகிறவர் என்றால் 2.8 சொல்லிவிடுங்கள், கை கொஞ்சம் உப்பியிருக்கும். கொஞ்சம் உப்பல் சகஜம். திடீரென்று முகமும் கையும் வீங்கித் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் விசேஷ நாளாகவே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செருப்பை மறந்துவிட்டேன். தட்டையாக, பின்வார் வைத்ததாக, சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் அதன் பெரிய அளவில் இருக்கும்.

மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. "நாலு மாசத்துக்கு" என்ற கணக்கே தப்பு என்று சொல்லுங்கள். பிள்ளை பிறந்த மறுநாள் வயிறு காணாமல் போய்விடாது, கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும், உடம்பு இறங்க அதற்கும் மேலே ஆகும், பால் கொடுக்கிற வரை மார்பு அளவும் நிலைக்காது. ஆக இந்தத் துணியெல்லாம் குறைந்தது ஒரு வருஷம் ஓடும். அந்தப் பனியன் டாப்புக்கு மார்பு வரை பட்டன் பட்டி வைத்துத் தைத்துவிட்டால் பால் கொடுக்கவும் அதையே போடலாம், இப்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள், பின்னால் வெட்டி வைத்தால் இழுத்துக்கொண்டு நிற்கும். லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பும்போது பிரித்த பிளவுஸ்களை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். பழைய தையல் வரி வெளுத்துப்போய் வெளியே தெரிகிறவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டார்க் கலரில் அது தெரியாது, அதனால் பிரிப்பதற்கு மூன்று பிளவுஸ் தேர்ந்தெடுக்கும்போதே டார்க் கலராகப் பார்த்து எடுங்கள்.